பொட்டுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு

2024 நவம்பர் ஐந்து, செவ்வாய்க்கிழமை. தீபாவளிப் பலகாரம்கூடத் தீரவில்லை. தனுஜா வட்டகொடையில் அட்டனுக்கு ரயில் ஏறினாள். தேயிலைத் தொழிற்சாலை ஆபிசில் நான்கு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். முந்தின நாள் நடந்ததற்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் வேலை தங்கியிருக்கும். போடவில்லை.

நாங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்துப் பிள்ளைகள். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இந்த வருடம் திரும்பியபோது அவளே சொன்னாள், கோபம் கொஞ்சமும் ஆறாமல்.

பறித்த கொழுந்தின் எடையெல்லாம் ஆபிசில் ஒரு சர்வர் பெட்டிக்குப் போகும். பெட்டி அதை முதலில் நினைவில் வைத்துக்கொண்டு, பிறகுதான் டிஸ்க்கில் எழுதும். இடையில் கரண்ட் போனால் அந்த நினைவைக் காப்பது உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி. அதன் நிலையைச் சொல்ல ஒரு விளக்கு உண்டு. தனுஜா கையேட்டைப் படித்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள்: பச்சை நின்று எரிந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, மினுக்கினால் சார்ஜ் ஏறுகிறது, மஞ்சள் என்றால் பேட்டரி போய்விட்டது.

அந்த வருட ஆயுத பூஜைக்கு மெக்கானிக் பொன்னையா எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தார். சர்வரையும் விடவில்லை. சந்தனமும் குங்குமமும் சரியாக விளக்கின் மேல். பூசைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை, தானாக உதிரட்டும் என்று விடுவார்கள். தனுஜா அக்டோபர் பதினான்காம் தேதி துடைத்தாள். உள்ளே மஞ்சள்.

"சாமிப் பொட்ட அழிச்சிட்டியா?" என்றார் பெரிய கிளார்க் கஜேந்திரன்.

"ஐயா, லைட்டு மஞ்சளா எரியுதுங்க. பேட்டரி செத்துப்போச்சு."

"மஞ்ச மங்களம்தானே! வேல ஓடுதுல்ல?"

"மெதுவாத்தாங்க ஓடுது. பேட்டரி இல்லாததால நேரா டிஸ்க்குல எழுதுது."

மெதுவாக என்பது மட்டும்தான் அவர் காதில் ஏறியது. தன் கடவுச்சொல்லைப் போட்டு, பேட்டரி இல்லாவிட்டாலும் பழையபடி நினைவிலேயே வைக்கும்படி மாற்றினார். பிறகு பொன்னையாவைக் கூப்பிட்டு அதே இடத்தில் புதுப் பொட்டு வைக்கச் சொன்னார்.

நவம்பர் நான்காம் தேதி இடி இடித்தது, கரண்ட் போனது. திரும்பி வந்தபோது அன்றைய எடைகளில் பாதி இல்லை.

"நாள் பூரா நனைஞ்சு பறிச்சது எங்க புள்ள?" என்று பெண்கள் ஆபிஸ் வாசலில் நின்றார்கள். அவர்களில் தனுஜாவின் அம்மா ராக்காயியும் ஒருத்தி.

மறுநாள் காலை கஜேந்திரன் ஒரு கடிதத்தை நீட்டினார். பெட்டியைத் துடைக்கும்போது தனுஜா வயரைக் கழற்றிவிட்டதாக அதில் இருந்தது.

"போட்டுக் குடு. வேலையில வச்சிக்கிறோம்."

வாசலில் நின்ற ராக்காயி கெஞ்சினாள். "கையெழுத்துதானே புள்ள, கையையா கேக்குறாங்க?"

"கையக் கேட்டாலும் யோசிக்கலாம்மா. பேரக் கேக்குறாங்க."

அவள் பேனாவை எடுத்தாள். கஜேந்திரன் கடிதத்தைத் தள்ளினார். அவள் அதைத் தாண்டிப் போய்ச் சுவரில் இருந்த தன் தாளில் எழுதினாள்: 'மஞ்சள் எரிவதை அக்டோபர் 14 அன்றே சொன்னேன்.' கீழே முழுப் பெயரில் கையெழுத்து. அந்தத் தாளைக் கிழிக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

அட்டனில் இப்போது அவளுக்குக் கம்ப்யூட்டர் திருத்தும் சின்னக் கடை. கடன் சொல்லி வருபவரையும் விரட்டுவாள், கடவுளைச் சொல்லி வருபவரையும் விரட்டுவாள். அவள் வேலையை விட்டுப் பத்து மாதம் கழித்து, கொழும்பிலிருந்து தோட்டத்துக்கு வந்த டெக்னீஷியன் நிரஞ்சனிடமிருந்து அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது:

"தனுஜா, புது பேட்டரி போட வந்தேன். பழைய பேட்டரி அக்டோபர் 9ந் தேதியே செத்ததா பெட்டிக்குள்ள பதிவு இருக்கு. செட்டிங்க மாத்தினது 14ந் தேதி, கிளார்க் பேருல. அந்தப் பதிவையும் சுவத்துல இருக்குற உங்க தாளையும் ஒரே படமா எடுத்து தோட்டத்து மேனேஜர் தொரைக்கு அனுப்பிட்டேன். லைட்டு இப்ப பச்ச. பொட்டு வைக்க விடல."