மாடு போகும் பாலம்

நைனார்பாளையம் சின்னக்கண்ணுவுக்குப் பழைய இரும்பு வாங்குவதுதான் பிழைப்பு. ஒரு டிவிஎஸ் எக்ஸெல், பின்னால் நாலு சாக்கு, ஒரு தராசு, தொண்டை கட்டிய ஒரு ஒலிபெருக்கி. இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது பிளாஸ்டிக் குடமோ வெங்காயமோ கொடுத்தால்தான் வீட்டுக்குள்ளிருந்து ஆள் வெளியே வருகிறது. முன்பு அவனும் மனைவி தைலம்மாளும் சேர்ந்து கரும்பு வெட்டப் போனவர்கள். அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு அவள் மட்டும் போகிறாள், அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

மற்ற இரும்புக்காரர்கள் சின்னசேலத்தையும் கள்ளக்குறிச்சியையும் சுற்றிச் சுற்றி வர, இவன் மட்டும் கல்வராயன் மலைக்குப் போனான். பெட்ரோலுக்கே கட்டாது என்று காயலான் கடையில் கேலி செய்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை. தராசில் விரல் வைக்காத ஆள் என்று மலையில் அவனுக்குப் பெயர். மாத்திரை வாங்கி வரச் சொல்வார்கள், ரிப்பேருக்கு செல்போன் கொடுத்தனுப்புவார்கள், கீழே கட்டிக் கொடுத்த பெண் எப்படி இருக்கிறாள் என்று பார்த்து வரச் சொல்வார்கள். ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய சொத்து என்ன இருக்கிறது? அந்தச் சொத்தைத்தான் ஒருவன் மோப்பம் பிடித்து வந்தான்.

வந்தவன் பெயர் இளஞ்செழியன். ஒரு இரும்பாலையின் அதிகாரி. இஸ்திரி கலையாத சட்டை, வாய் நிறைய 'அண்ணே'. காயலான் கடை பெஞ்சில் சின்னக்கண்ணுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்துப் பேசினான். பழைய இரும்பை உருக்கினால் புது இரும்பு. எத்தனை தடவை உருக்கினாலும் இரும்பு இரும்புதான், அதன் குணம் குறையாது. மண்ணைத் தோண்ட வேண்டாம், நிலக்கரி கம்மி, புகை கம்மி. நாளைக்கு நாடே இப்படிப்பட்ட இரும்பில்தான் நிற்கப் போகிறது. "மலைய நோண்டாம இரும்பு எடுக்கறோம்ணே. அதுக்கு மலை ஜனங்களே கை குடுத்தா எப்படி இருக்கும், சொல்லுங்க. திட்டத்துக்குப் பேரே பசுமைப் பாலம்."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

சின்னக்கண்ணுவின் காதில் கடைசி வார்த்தை மட்டும் நின்றது. துரிஞ்சிக்காடு என்று ஒரு ஊர், மலையில் அவன் போகும் கடைசி ஊர். ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை. ஐப்பசி பிறந்தால் அது ஓடை இல்லை, எமன். போன வருஷம் இருசம்மாளின் மருமகள் கவியா வலி வந்து, தூளியில் தூக்கி வந்தும் தண்ணீரைத் தாண்ட முடியாமல் கரையிலேயே பிள்ளை பெற்றாள். பிள்ளை தங்கவில்லை. இப்போது மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள், ஐப்பசிக்குத்தான் நாள் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊருக்குப் பாலம் என்றால், சின்னக்கண்ணு யோசிப்பானா?

சித்திரை மாதம் இளஞ்செழியனை அவனே கூட்டிக்கொண்டு போனான். புளியமரத்தடியில் ஊர் கூடியது. இளஞ்செழியன் அழகாகத்தான் பேசினான். மலைக்கும் ஆலைக்கும் ஒரு பாலம், உங்கள் இரும்பு உங்களுக்கே பாலமாகத் திரும்பி வரும் என்றான். பின்வரிசையிலிருந்து அமிர்தம் எழுந்து நின்றாள். மரவள்ளிக் கிழங்கை மாட்டு வண்டியில் ஏற்றி ஓடையில் இறக்கி, ஒரு மாட்டைப் பறிகொடுத்தவள் அவள்.

"பாலத்து மேல மாடு போவுமா சார்?"

இளஞ்செழியன் ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "எல்லாம் போகும்மா."

அவ்வளவுதான், ஊர் விழுந்துவிட்டது. உடைந்த கலப்பைக் கொழு, காது போன இரும்புச்சட்டி, தேய்ந்த அரிவாள், எது எதையோ கொண்டுவந்து கொட்டினார்கள். குடம் வேண்டாம், வெங்காயம் வேண்டாம், எல்லாம் பாலத்துக்கு. கடைசியில் இருசம்மாள் கோயில் பக்கம் கையைக் காட்டினாள்.

அங்கே எல்லைக்காளி கோயிலைச் சுற்றி முள்வேலி மாதிரி சூலங்கள். வேண்டுதல் பலித்தவர்கள் நட்டது, தலைமுறை தலைமுறையாக. துருப்பிடித்து மண்ணில் சாய்ந்தாலும் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் சின்னக்கண்ணு அந்தப் பக்கம் தராசை எடுத்துக்கொண்டு நடந்ததுகூடக் கிடையாது.

"வேணாங்கா, சாமி சொத்து," என்றான்.

"பாலம் வந்தா ஊருக்கு நல்லதுதானே? அம்மாவையே கேட்டுடுவோம்."

பூ வைத்துக் கேட்டார்கள். பூ வலப்பக்கம் விழுந்தது. அம்மா கொடுத்துவிட்டாள். ஆனாலும் பூசாரி வேடியப்பன் முதல் சூலத்தைப் பிடுங்காமல் சின்னக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார். "சாமி சொல்லிட்டா. நீ இன்னா சொல்ற?"

"நான் பொறுப்பு," என்றான் சின்னக்கண்ணு. நெஞ்சு நிமிர்ந்துதான் சொன்னான். பாவி.

சூலங்களும் சேர்ந்து இரும்பெல்லாம் ஆலைக்குப் போனது. அதற்கப்புறம் வைகாசி போனது, ஆனி போனது, ஆடியும் போனது. சின்னக்கண்ணு போன் அடிக்கும்போதெல்லாம் "வேலை நடந்துக்கிட்டே இருக்குண்ணே" என்று இளஞ்செழியன் சொல்வான். மலையில் கேட்பவர்களுக்கெல்லாம் இவன், "வேல நடந்துகினே கீது" என்று சொல்வான். கவியாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது.

ஆவணியில் லாரி வந்தது, பின்னாலேயே காரில் இளஞ்செழியன். மேளம் வைத்து எதிர்கொண்டார்கள். அமிர்தம் ஆரத்தி எடுத்தாள். லாரியிலிருந்து பளபளவென்று இரண்டு இரும்புத் தூண்கள் இறங்கின. அப்புறம் அகலமாக ஒரு பலகை. ஓடைக்கரையில் குழி தோண்டித் தூண்களை நட்டு, மேலே பலகையை முடுக்கினார்கள். பச்சை எழுத்தில் 'பசுமைப் பாலம்'. கீழே பொடி எழுத்தில், 'மலையும் ஆலையும் கைகோர்க்கும் இடம்.' இளஞ்செழியனும் கூட வந்தவர்களும் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சின்னக்கண்ணுவுக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள்.

பெயர்ப்பலகை முதலில் வந்திருக்கிறது, பாலம் அடுத்த லாரியில் வரும் என்றுதான் ஊரே நினைத்தது. சின்னக்கண்ணுவும் அப்படித்தான் நினைத்தான். லாரி திரும்பி நின்று, ஆட்கள் ஏறத் தொடங்கிய பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. ஓடிப்போய்க் கார் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"சார், பாலம் எப்ப வரும்?"

"எந்தப் பாலம்ணே?" இளஞ்செழியனுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. "பாலம்னா உறவுப் பாலம்ணே. உங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல. ஓடைக்குப் பாலம் கட்டறது கவர்மெண்டு வேலை இல்லையா?"

"மாடு போவுமான்னு அந்தம்மா கேட்டுச்சே சார். எல்லாம் போகும்னு சொன்னீங்களே."

இளஞ்செழியன் சிரிப்பை நிறுத்தினான். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "இல்லைன்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பாங்களாண்ணே?"

சின்னக்கண்ணு கதவை விடவில்லை. "அந்தச் சூலத்தையாவது திருப்பிக் குடுத்துடு சார்."

"அதெல்லாம் அப்பவே உருக்கியாச்சு. கம்பியாப் போய் எங்கயாவது ஒரு கட்டடத்துல இருக்கும். வீணாப் போகலண்ணே, அதுதானே இரும்போட சிறப்பு?"

கார் போய்விட்டது. ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். கல்லாவது எடுத்து எறிந்திருக்கலாம். சின்னக்கண்ணு சால்வையோடு நின்றான். கழுத்தை அறுத்தவன் கத்தியைத் துடைக்கவும் நம் துண்டையே வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது அவனுக்கு. போட்டோ முடிந்ததும் அக்கரைக்குத் திரும்பியிருந்த ஊர், கூடி நின்று இவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. எக்ஸெல் இந்தப் பக்கம்தான் நின்றது. அப்படியே ஏறி நைனார்பாளையம் போயிருக்கலாம். யார் துரத்தி வரப் போகிறார்கள்? அவன் போகவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி ஊர்ப்பக்கம் நடந்தான்.

எதையும் மறைக்காமல் சொன்னான். பாலம் இல்லை, இனியும் வராது. சூலம் திரும்பாது. மாடு போகும் என்று இளஞ்செழியன் சொன்னது தெரிந்தே சொன்ன பொய்.

யாராவது காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தான். துப்பவில்லை. வேடியப்பன் கோயில் பக்கம் நடந்தார். அமிர்தம் ஆரத்தித் தட்டைக் கவிழ்த்தாள். கவியா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மாமியாருக்குப் பின்னால் போய் நின்றாள். அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

இருசம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"உனுக்கு இன்னா குடுத்தாங்க?"

சின்னக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா! எம் புள்ள மேல சத்தியமா ஒண்ணும் வாங்கலக்கா. அந்தாளு என்னயும்தான் ஏமாத்திட்டான். இந்தச் சால்வைதான், இதுவும் அவங்களே போத்தினது."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். நம்பலாமா என்று யோசிக்கிற பார்வை அது. இத்தனை வருஷத்தில் அந்த ஊரில் அவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"வாங்கியிருந்தாகூட, பணத்துக்கு ஆசப்பட்டுட்டான்னு மனசத் தேத்திக்குவேன்," என்றாள். "ஒண்ணுமே வாங்காமயா எங்களத் தூக்கிக் குடுத்த?"

மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். வா, ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுப் போ என்று அன்றைக்கு யாரும் அவனைக் கூப்பிடவில்லை.