அண்ணன் ரப்பர் பால் பூசிய ஸ்பீக்கர்

எங்கள் அண்ணன் இல்லாமல் ஒரு வருஷத்தைக் கழித்துவிட்டு இந்த நினைவு மலரை உங்கள் கைகளில் தருகிறோம். "நல்லவர், வல்லவர்னு பொதுவா எழுதாதீங்க, நடந்தத எழுதுங்க" என்று அண்ணி கட்டளையிட்டிருக்கிறார். அதனால் ஒரு ஸ்பீக்கரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அண்ணன் கித்துல்கலப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசி லயத்தில் பிறந்தார். அப்பா பால் வெட்டும் தொழிலாளி. அப்பா காலமானபோது அண்ணன் ஏழாம் வகுப்பில் இருந்தார். அத்துடன் படிப்பு நின்றது. கரவனெல்ல பஜாரில் ரேடியோ திருத்தும் கடையில் சேர்ந்து, சிங்களத்தையும் தொழிலையும் ஒன்றாகவே கற்றுக்கொண்டார். பிறகு சொந்தமாக ஒரு அம்பிளிபயர், ஒரு மைக், எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. தேயிலைப் பெட்டிப் பலகையில் அதற்குக் கூடு செய்தார். கல்யாணமோ கோயிலோ, அந்த ஒரு பெட்டிதான். அடிக்குரலிலிருந்து கீச்சுக்குரல்வரை எல்லாவற்றையும் அதிலிருந்த ஒற்றைக் காகிதக் கூம்பே சுமக்க வேண்டும்.

பதினாறு வயதில் எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் நான் முதன்முதலாக மைக்கில் பாடினேன். மைக் இல்லாமல் பாடியபோதெல்லாம் பாராட்டிய சனம் அன்று காதைப் பொத்தியது. குரல் ஏறி நடுவில் ஓரிடத்துக்கு வந்ததும், தகரத்தில் ஆணி கீறுவதுபோல் கேட்டது. முன்வரிசையில் சிரித்தார்கள். பாதியிலேயே இறங்கிவிட்டேன். இனிப் பாடவே மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லி, சொன்னபடியே இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் குரலே அவ்வளவுதான் என்று நம்பிவிட்டேன்.

அண்ணன் நம்பவில்லை. அது பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டுச் சாமான் வராது. வேறு ஸ்பீக்கருக்கு வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரைக் கழற்றி மல்லாத்தி வைத்து, அதன் கறுப்புக் காகிதத்தின்மேல் அரிசி மாவைத் தூவினார். அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"திங்கவே மாவில்லாத நேரத்துல ஸ்பீக்கருக்குப் பலகாரமாடா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே மைக்கை என்னிடம் நீட்டினார். "பாட வேணாம் புள்ள. வாசல்ல நின்னு 'ஆ'ன்னு மட்டும் சொல்லு. மெதுவா மேல ஏத்து."

பாடச் சொல்லவில்லையே என்று நானும் 'ஆ' சொன்னேன். முதலில் மா லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். அந்தப் பொல்லாத இடத்துக்கு ஏறியதும், கூம்பின் நடுவே ஒரு வளையம் மட்டும் துள்ளிக் குதித்தது.

"அங்கனயே நில்லு! பாத்தியா? குத்தம் ஒன் கொரல்ல இல்ல, கடுதாசியிலதான். இந்த எடத்துல அதுவும் ஒன்கூடச் சேந்து கத்துது."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

துள்ளும் இடத்தில் இழுபடும் பூச்சு ஒன்று பூசினால் அடங்கும் என்று அண்ணன் கணக்குப் போட்டார். எங்களைச் சுற்றி ரப்பருக்கா பஞ்சம்? ஆனால் ரப்பர் காட்டில் பிறந்தவர் செய்யக் கூடாத பிழையை அவர் செய்தார். பாலை உறையவைக்கும் அசிட் அளக்கும் குவளையிலேயே பாலை மொண்டு வந்துவிட்டார். பூசப் பூச அது தயிராகத் திரண்டது. உரித்தபோது கூம்பும் ஒரு விரலளவு கிழிந்துபோனது. இருந்ததே அந்த ஒன்றுதான். அண்ணன் சோறு வேண்டாமென்று உட்கார்ந்துவிட்டார். பட்டம் கட்டும் தாளையும் கஞ்சிப் பசையையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தது, திட்டிய அதே அம்மாதான்.

கிழிசலை ஒட்டிவிட்டு, இம்முறை சுத்தமான டின்னில் பால் எடுத்துத் தண்ணீர் கலந்து, அந்த வளையத்தில் மட்டும் மெல்லிசாகப் பூசினார். காயவைத்தார், மா தூவினார், என்னை 'ஆ' சொல்ல வைத்தார். மூன்றாம் பூச்சில் மா அடங்கியது.

"இன்னொரு தரம் பூசுங்கண்ணே" என்றேன்.

"வேணாம். கூடிப்போனா கம்பளியப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி ஆயிரும்."

எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கோபத்திலும் அப்படித்தான், ஒரு சொல் கூடுதலாக வராது.

அடுத்த திருவிழாவில் பாடினேன். கோயில் தலைவருக்குத்தான் கவலை. "சத்தம் காதுல குத்தவே இல்லியே தம்பி, செட்டு பழுதா?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் தொழில் பழகிய பஜார் கடை முதலாளி எழுந்து நின்று, "நங்கி, ஹரி ஷோக்!" - தங்கச்சி, ரொம்ப அருமை - என்று சிங்களத்தில் சொல்லிக் கைதட்டினார். அதன்பிறகு மாவனல்லையிலிருந்துகூட அண்ணனிடம் ஸ்பீக்கர்கள் வந்தன. பிற்காலத்தில் கடைகள் நிறையப் புதுச் சாமான் வந்தபோதும் அவர் அந்தப் பெட்டியை விடவில்லை.

கடைசி இரண்டு வாரம் இருதய நோயுடன் ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரரின் ரேடியோவைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ரெண்டு பூச்சுப் போடணும்" என்று என் காதில் சொன்னார். அவர் கடைசியாகச் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

இறுதிக் கிரியைக்கு நண்பர்கள் புதுச் செட்டு கொண்டுவந்தார்கள். "அவரு பொட்டியவே வைங்க" என்றார் அண்ணி. முகம் கோணாமல் மாற்றிக்கொடுத்த அந்த நண்பர்களுக்கும், பாடை சுமந்த லயத்துச் சகோதரர்களுக்கும், பேட்டரியோடு ஓடிவந்த பஜார் கடை முதலாளிக்கும், ஆஸ்பத்திரியில் இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அன்று பதிகம் பாடியது நான்தான். அந்தப் பழைய இடத்துக்கு ஏறியபோது பாட்டு உடைந்தது. கேட்டவர்கள் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். அண்ணே, அந்த முறை குற்றம் காகிதத்தில் இல்லை, என் குரலில்தான்.