கரண்ட் போன பிறகும் வந்த காற்று

பேய், ஆவி என்று யாராவது கதை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் நம்பவில்லை. நம்பவும் மாட்டேன், ஏன் என்று கேட்டு முடிய உங்களுக்கே விளங்கும்.

யுத்தக் காலம். கோட்டைப் பகுதியில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்டாக இருந்தேன், ஞாயிற்றுக்கிழமைகளிலும் அடக்கப் பூசைகளுக்கும் கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலில் ஓர்கன் வாசிப்பேன். முறையாகப் படித்தவள் இல்லை. என்னைப் போன்ற அரைகுறைகளுக்கென்றே நூறு வருடத்துக்கு முன் வெள்ளைக்காரர் எழுதிவைத்த லேசான மெட்டுகள் ஒரு பழைய புத்தகத்தில் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டே பக்கம், காலால் மிதிக்கிற கட்டைகள் தேவையில்லை, மெதுவாக நீட்டி நீட்டி வாசித்தால் போதும். விரலுக்குத்தான் லேசு. நீட்டுகிற ஒவ்வொரு சுரமும் காற்றைக் குடிக்கும். கரண்ட் இருந்தால் மோட்டார் காற்றடிக்கும், இல்லாவிட்டால் பின்னறையில் ஒருவர் நின்று துருத்திப் பிடியை ஏற்றி இறக்க வேண்டும். அந்த நாட்களில் அதைச் செய்தவன் என் தம்பி அன்ரன். "உனக்கென்ன அக்கா, இருந்து வாசிக்கிறாய், எனக்கெல்லோ தோள் கழருது" என்பான். அவன் கை மாற்றும்போது சத்தம் ஒருதரம் தொய்ந்து எழும்பும்.

அவனைத் தெமட்டகொடையில் ஆமிக்காரர் சோதனையில் பிடித்துக்கொண்டு போனார்கள். எட்டு மாதம், நானும் அம்மாவும் அவன் படத்தோடு ஏறாத பொலிஸ் படி, முகாம் படி இல்லை. எங்களிடம் இல்லை, நாளைக்கு வாருங்கள், இதுதான் பதில். அழக்கூடத் தெம்பில்லாமல் களைத்துப் போனோம். ஒவ்வொரு பின்னேரமும் அம்மா கேட்பா, "பிள்ளை, அவன் உயிரோடை இருக்கிறான் எண்டு உன்ர மனம் சொல்லுதோ?"

"ஓம் அம்மா" என்பேன். அந்த ஓமில்தான் அவ நாலு வாய் சோறு தின்றா.

ஒருநாள் பின்னேரம் நாலு மணிக்கு, முன்பின் தெரியாத ஒரு கிழவருடைய அடக்கப் பூசை. நற்கருணை கொடுக்கும்போது அந்த மெட்டுகளில் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன், பாதியில் கரண்ட் போனது. ஃபேன்கள் நின்றன, மோட்டார் இரைச்சலும் நின்றது, இனி ஓர்கன் முனகி அடங்கும், கையை எடுப்போம் என்று பார்த்தால் அடங்கவில்லை. நம்பினால் நம்புங்கள், இரண்டாம் பக்கம் முழுக்கக் காற்று வந்தது. இரண்டு தரம் தொய்ந்து எழும்பியது. யாரோ புண்ணியவான் உள்ளே நின்று அடிக்கிறார் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு வாசித்து முடித்தேன்.

பூசை முடிய, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சூசை அண்ணை வந்தார். "ஆர் பிள்ளை காத்தடிச்சது? பின்னறைத் திறப்பு என்னட்டையெல்லோ கிடக்கு."

பின்னறை பூட்டியபடியே இருந்தது. அவர்தான் திறந்தார். உள்ளே ஒருவரும் இல்லை. துருத்திப் பிடியைத் தொட்டேன், வியர்வை பட்டதுபோல் ஈரமாக இருந்தது. சூசை அண்ணையும் தொட்டுப் பார்த்தார், கையைச் சட்டையில் துடைத்தார்.

அன்றைக்கும் அம்மா கேட்டா. ஓம் என்றேன். அவ கண்ணை மூடும்வரை பதினொரு வருடம் ஓம் என்றேன். தம்பிக்கென்று இறந்தவர்களுக்கான பூசை ஒன்று இன்னும் ஒப்புக்கொடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறவன் பூட்டிய அறைக்குள் வந்து காற்றடிக்க மாட்டான் இல்லையா, அதனால்தான் நான் இதை நம்புவதில்லை. நீங்களும் நம்பவில்லை என்றுதான் சொல்வீர்கள். சொல்லுங்கள், அதைக் கேட்கத்தான் இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.