காற்று வந்த பக்கம்

கயித்துக்காரர் என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும். தோளில் எந்நேரமும் ஒரு நீளக் கயிறு சுருட்டிக் கிடக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதோடுதான் போவார். "அங்கே யாரைக் கட்டிப் போடப் போறீங்க?" என்று சம்சாரம் தலையில் அடித்துக்கொள்வாள். பன்றி வேட்டைக்குப் போகிற நாய்களை ஆடு மாடு பக்கம் திரும்பாமல் பழக்கித் தருவது அவர் தொழில். கேட்பதற்கு என்னவோ சுலபமாகத்தான் இருக்கும். ஓடுவதைக் கண்டால் துரத்துவதற்கென்றே பிறந்த ஒரு ஜீவனிடம் போய், பன்றி ஓடினால் துரத்து, ஆடு ஓடினால் படுத்துக்கொள் என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி.

முதலில் நாயைப் பட்டிக்கு வெளியே கட்டிப்போட்டு, ஆட்டு வாடையும் சத்தமும் அதற்குச் சலித்துப் போகிற வரைக்கும் விடுவார். அப்புறம் நீளக் கயிற்றோடு ஆடுகளுக்கு நடுவே நடத்துவார். ஆட்டைப் பார்த்தால் கயிற்றை வெட்டி ஓர் இழுப்பு, "விடு!" என்று ஓர் அதட்டல். ஆட்டை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தால் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு காய்ந்த கறி. நிற்கிற ஆட்டை எந்த நாயும் சீக்கிரம் மறந்துவிடும். ஓடுகிற ஆடுதான் வினை. அதற்குத் தனிப் பாடம். எல்லாம் முடிந்து கடைசியில் ஒன்று இருக்கிறது: கயிறும் இல்லாமல், ஆளும் இல்லாமல் நாயைத் தனியே படுக்கவைத்துவிட்டு அவர் ஒளிந்துகொள்ள வேண்டும், ஆடுகள் அதன் மூக்குக்கு முன்னால் ஓடவேண்டும். அப்போதும் நாய் கிடந்த இடத்திலேயே கிடந்தால்தான் தேறியது.

ஒளிவது என்றால் கண்ணுக்கு மறைந்து உட்கார்ந்தால் போதாது. நாய்க்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிசு. காற்று நாயிடமிருந்து நம் பக்கம் வரவேண்டும். நம்மிடமிருந்து நாய்க்குப் போனால், 'இதோ இருக்காரு மனுஷன்' என்று அது நல்லபிள்ளையாகப் படுத்திருக்கும். அவர் நாய் பழக்குகிற மேய்ச்சல் நிலத்தில் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். ஆகவே கிழக்கே இருக்கிற பள்ளத்தில் போய்ப் படுக்கவேண்டும். கல், முள், எறும்பு, எல்லாம் அங்கே உண்டு.

நிலமும் ஆடுகளும் அவருடைய தங்கச்சியுடையவை. புருஷன் போனபிறகு அந்த ஆடுகளை வைத்துத்தான் அவள் இரண்டு பிள்ளைகளையும் வளர்க்கிறாள். அவற்றைத்தான் அண்ணன் கொண்டுவருகிற ஊர் நாய்களுக்கு முன்னால் ஓட்டிவிடுவாள். "உனக்கென்ன பைத்தியமா? ஏதாவது ஆயிட்டா?" என்று யாராவது கேட்டால், "எங்கண்ணன் இருக்கறப்ப என்ன ஆகப்போகுது?" என்பாள். பள்ளத்தில் அண்ணன் படுத்திருக்கிறாரா என்று ஒருநாளும் வந்து பார்த்தவள் இல்லை.

மரக்கடைக்காரர் கொண்டுவந்து விட்ட கரியன் அருமையான நாய். சொல்லி முடிப்பதற்குள் செய்துவிடும். கயித்துக்காரருக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது. முழங்கால் வலி வேறு அவரைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது. மேற்குப் பக்கம் தீவனக் கொட்டகை இருந்தது. உள்ளே நிழல், ஒரு பழைய நாற்காலி. பள்ளத்தில் படுக்கவேண்டிய அன்றைக்கு மனுஷன் ஃபிளாஸ்க்கில் டீயை ஊற்றிக்கொண்டு கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தார். தங்கச்சி அந்தக் கோடியிலிருந்து ஆடுகளை விரட்டிவிட்டாள். கரியன் காதைக்கூட அசைக்கவில்லை. "பாரு என் ராசாவை!" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். காற்று அவர் முதுகில் அடித்து நேராக நாயிடம் போய்க்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கதையை நான் இவ்வளவு எரிச்சலோடு சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

சாயங்காலம் தங்கச்சி கேட்டாள். "பள்ளத்துல முள்ளு மண்டிப் போச்சே, படுக்க முடிஞ்சுதா அண்ணே?"

"அதெல்லாம் படுத்தாச்சு," என்றார்.

கரியன் மரக்கடைக்காரரோடு திரும்பிப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு காலை நேரத்தில் தங்கச்சியின் நிலத்துக்கு உடனே வரச்சொல்லி ஆள் வந்தது. அரக்கப் பரக்க ஓடினார். மரக்கடைக்காரர் வேட்டையிலிருந்து திரும்பும் வழியில் நிலத்துக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அந்த நேரத்தில் கரியன் குதித்திறங்கிப் போயிருக்கிறது. தேடிக்கொண்டு போனால், வேலி மூலையில் இரண்டு ஆடுகள் செத்துக் கிடக்கின்றன. கரியன் தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஆடுகளின் பக்கத்தில், வாயெல்லாம் ரத்தமாக நிற்பது, அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவின் கிழட்டு நாய் நொண்டி.

ஆட்டைக் கடித்த நாயை அந்தப் பக்கத்தில் யாரும் உயிரோடு விட்டுவைப்பதில்லை. துப்பாக்கி ஜீப்பிலேயே இருந்தது. எந்த நாய் என்பதுதான் கேள்வி.

கயித்துக்காரர் குனிந்து பார்த்தார். பெரிய ஆட்டின் காது அடியோடு கிழிந்திருந்தது. பன்றியைப் பிடிக்கிற நாய் முதலில் காதைத்தான் கவ்வும். காலை இழுத்துக்கொண்டு நடக்கிற நொண்டி, செத்துக் கிடந்ததை நக்க வந்திருக்கும், அவ்வளவுதான். ஒரே பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறக்காமல் நிமிர்ந்து நின்றார்.

தங்கச்சி அழுது முகம் வீங்கி நின்றாள். ஆனாலும் குரல் கணீரென்று வந்தது. "இது கரியன் செஞ்சது இல்லை. எங்கண்ணன் பழக்கின நாய் ஆட்டைத் தொடாது. சந்தேகம்னா இப்பவே பாருங்க, எல்லார் கண்ணு முன்னாடியும் ஆட்டை ஓட்டறேன்."

ஓட்டினாள். புழுதி பறக்க மந்தை ஓடியது. கரியன் தரையோடு தரையாகப் படுத்து, கயித்துக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கூடியிருந்தவர்கள் "அடேயப்பா!" என்றார்கள். மரக்கடைக்காரர் அவர் தோளில் தட்டி, "சும்மாவா உங்ககிட்ட விட்டேன்!" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்தார்.

தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடா தொங்கத் தொங்க ஓடிவந்து, நொண்டியை இறுக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரையும் கெஞ்சவில்லை. கயித்துக்காரரைப் பார்த்து மட்டும் கேட்டார். "நீங்க நாயைப் பத்தித் தெரிஞ்சவங்க. நீங்களே சொல்லுங்கய்யா. இதால முடியுமா?"

"வயசான நாய்... பசியில என்ன பண்ணும்னு சொல்ல முடியாதும்மா," என்றார் அவர்.

சீ! என்ன மனுஷன்! சொல்லி முடித்ததும் அவருக்கே தன் முகத்தில் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தம்மாவின் பார்வை படாத இடமாகத் தேடி, தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தங்கச்சி இதோடு விட்டிருந்தால் அவர் அப்படியே நின்றிருப்பார். அவளோ நிறுத்தவில்லை. "அவர் முழங்காலைப் பாருங்க! கல்லுலயும் முள்ளுலயும் படுத்துப் படுத்துத்தான் இப்படி ஆச்சு. இந்தக் கரியனுக்காகவும் படுத்தாரு. என் பிள்ளைங்க மேல சத்தியமா..."

"பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணாதம்மா," என்றார் கயித்துக்காரர். "நான் படுக்கலை."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொட்டகையில உக்காந்து டீ குடிச்சேன். என் வாடை அதுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் நிக்கிற இடத்துல கரியன் தங்கம்தான். நான் இல்லாத இடத்துல என்ன பண்ணும்னு நான் பார்க்கவே இல்லை." தோளிலிருந்த கயிற்றைக் கழற்றி, இதுவரை யார் கையிலும் கொடுக்காத அந்தக் கயிற்றை, தங்கச்சியிடம் நீட்டினார். "இதை அது கழுத்துல கட்டி நல்லாப் பிடிச்சுக்கோ. நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிடறேன். நான் கண்ணுக்கு மறைஞ்ச பிறகு ஆட்டை ஓட்டச் சொல்லு."

கிழக்கே, கண்ணுக்கு மறைகிற தூரத்தில் இருந்த ஓடைப் பாலம் வரைக்கும் காலை இழுத்து இழுத்து நடந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். வெட்கங்கெட்ட மனசு, அப்போதும் 'படுத்துக்கோடா, அசையாதேடா' என்றுதான் வேண்டிக்கொண்டது. காற்று அவர் பக்கம்தான் அடித்தது. ஆடுகளின் குளம்புச் சத்தம் வந்தது. பின்னாலேயே தங்கச்சியின் அலறலும், கயிறு இழுத்து நிறுத்திய நாயின் வீலென்ற சத்தமும் வந்தன.

அவர் திரும்பிப் போனபோது தங்கச்சியின் இரண்டு உள்ளங்கையும் கயிறு உரசித் தோல் கிழிந்திருந்தது. கயிற்றை அவரிடம் கொடுத்தாள். செத்த ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் அத்தனை பேர் முன்னாடி உனக்காகப் பேசினப்ப, நீ பக்கத்துலதானே அண்ணே நின்னுக்கிட்டு இருந்த?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பது என்பார்களே, அதுதான் அது.

மரக்கடைக்காரர் துப்பாக்கியோடு கரியன் பக்கம் திரும்பினார். கயித்துக்காரர் குறுக்கே போய் நின்றார். "பாதிப் பாடத்தோட அனுப்பினவன் நான் சார். அதுக்காக நாயைச் சுடாதீங்க. முழுசாச் சொல்லித் தர்றேன்."

"உன் பாடத்தை நீயே வெச்சுக்கோ. நாயையும் நீயே வெச்சுக்கோ," என்றார் மரக்கடைக்காரர். அதுவரை 'வாங்க போங்க' என்று பேசிய மனுஷன் 'நீ'க்கு இறங்கிவிட்டார். ஜீப் போய்விட்டது.

மறுநாள் தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். அந்தம்மா மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். நொண்டி காலடியில் படுத்திருந்தது. "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா," என்றார் இவர், வாசலில் நின்றபடி. அந்தம்மா நிமிரவில்லை, மெஷினும் நிற்கவில்லை. ஒரு முழு ஓரம் தைத்து முடிகிற வரைக்கும் நின்றுவிட்டு வந்தார். நொண்டி மட்டும் ஒருதரம் வாலை ஆட்டியது. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

செத்த ஆடுகளுக்குப் பதில் வேறு இரண்டு ஆடு வாங்கிக் கொடுத்தார், தங்கச்சியும் ஏற்றுக்கொண்டாள். ஆனால் கரியனைப் பழக்க ஆடு வேண்டுமே! எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? வீட்டுக் கொல்லையில் நாயைக் கட்டிவைத்துக்கொண்டு கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். தெருவில் யாராவது சிரித்தால்கூடத் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. கடைசியில் அவளேதான் சொல்லியனுப்பினாள்: நாயைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்.

மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். நாள் ஓடியது. அண்ணன் தங்கச்சி பேச்செல்லாம் "தண்ணி வெச்சாச்சா", "வேலியைச் சாத்திடு" என்பதோடு சரி.

கடைசிப் பாடத்துக்கான நாள் வந்தது. கரியனைப் படுக்கவைத்துவிட்டு, அது பார்க்காத வழியாகச் சுற்றிக்கொண்டு பள்ளத்துக்குப் போனார். முழங்கால் வலியில் உயிர் போனது. முள்ளை விலக்கிக்கொண்டு குப்புறப் படுத்தார். காற்று முகத்தில் அடித்தது. ஆடுகள் வரக் காத்திருந்தார்.

ஆடுகள் வரவில்லை. "அண்ணே, இருக்கியா?" என்று தூரத்திலிருந்து தங்கச்சி குரல் கேட்டது.

பதில் சொன்னால் நாய்க்குக் கேட்டுவிடும். இருக்கிறேன் என்று சொல்ல வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். முன்பெல்லாம் அவள் இப்படிக் கேட்டதே இல்லை.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் சருகு மிதிபட்டது. திரும்பிப் பார்த்தார். தங்கச்சி நாயின் கண்ணில் படாமல் சுற்றி வந்து, பள்ளத்தின் விளிம்பில் நின்று, அவர் அங்கே படுத்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. அவள் திரும்பி ஆடுகளை ஓட்டப் போனாள். அவர் முகத்தைத் தரையில் புதைத்துக்கொண்டு கிடந்தார்.