பீரங்கி போலிருந்த வடிகால்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தை அலுவலகமொன்றில் நான் பியூன். அங்கிருந்த எஞ்சினியர் கம்பியூட்டரில்தான் வரைவார், ஆனாலும் காதில் எப்போதும் பென்சில் இருக்கும். புதிதாக வந்த மென்பொருள் வடிகால் குழாயை நிஜம்போல உருட்டிக் காட்டியது. எனக்கு அது பீரங்கியாகத்தான் தெரிந்தது. அந்தப் படத்தைக் கொள்ளுப்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டியவன் நான். வழியில் இரண்டு சோதனைச்சாவடிகள்.

"சேர், ஆமிக்காரன் இதைப் பாத்தா என்னைக் கொண்டுபோயிடுவான்."

அவர் சிரிக்கவில்லை. "ஓம், உமக்குத் தெரியிறது அவனுக்கும் தெரியும்தானே."

குழாய்க்குள் நீலத் தண்ணீரை ஓடவிட்டு, வடிகாலைக் குறிக்கும் 'காணுவ' என்ற சொல்லைச் சிங்கள எழுத்தில் பெரிதாகப் போட்டு, மறுபடி அச்செடுத்துச் சுருட்டித் தந்தார்.

"அப்பவும் மறிச்சா, கீறினது நானெண்டு சொல்லும். பேரையும் சொல்லும்."

இரண்டு இடத்திலும் ஒருவரும் சுருளை விரிக்கவில்லை. என்னுடையதைப்போல அவருடையதும் யாழ்ப்பாணத்து அடையாள அட்டைதான்; அதைக் கண்டாலே ஆமிக்காரர் சந்தேகப்படும் காலம் அது. எப்படிப் பயமில்லாமல் அப்படிச் சொன்னாரோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.