பதினேழாவது பெயர்

போரின் கடைசி ஆண்டுகள் அவை. 2007 என்று நினைக்கிறேன், மழைக்காலம். மாத்தளை நகரத்தில் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளின் விடயங்களைப் பார்க்கும் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். தமிழ்ப் பிரிவு என்று வாசலில் பலகை தொங்கும். உள்ளே வந்து பார்த்தால் இரண்டு மேசை, ஓர் இரும்பு அலுமாரி, எங்கிருந்தோ கழித்துக் கட்டி எங்கள் தலையில் போட்ட ஒரு பழைய கம்பியூட்டர். அவ்வளவுதான்.

அந்தக் கம்பியூட்டருக்கு ஒருநாள் வைரஸ் வந்தது. மேலதிகாரி கண்டிக்குப் போய், பேர்போன அன்டிவைரஸ் ஒன்றைப் பெட்டியோடு வாங்கி வந்து போட்டார். வைரஸ் போனது, கூடவே கம்பியூட்டரின் உயிரும் போனது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு கன்டீனுக்குப் போய் பிளேன்டீ குடித்துத் திரும்பினாலும் அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும். ஒரு கடிதத்தைத் திறக்கச் சொன்னால் அதன் பூர்வீகம் முழுவதையும் விசாரித்துவிட்டுத்தான் திறக்கும்.

பக்கத்து மேசைக்காரர் யாழ்ப்பாணத்தவர். லீவில் ஊருக்குப் போக வழியில்லாமல் இரண்டு வருடமாக மாத்தளையிலேயே கிடந்தவர். "உங்கட கம்பியூட்டரும் நாலந்தா ஆமி செக் பொயின்ட் மாதிரித்தான் ஐசே. பஸ்ஸில இருக்கிற எல்லாரையும் இறக்கி, ஐடி பாத்துத்தான் ஏத்துது" என்றார். சிரித்தோம். அதே செக் பொயின்ட்டில் என் சட்டைப் பையில் இருந்த பென் டிரைவ் என்ன சாமான் என்று விளக்க எனக்கு அரை மணித்தியாலம் போயிருந்தது. சோதனை என்றாலே எனக்கு அலுப்புத் தட்டியிருந்த காலம்.

நானும் போகிற வருகிற ஆளிடமெல்லாம் கேட்டேன்: காவலும் இருக்க வேண்டும், கம்பியூட்டரும் ஓட வேண்டும், அப்படி ஒன்று இருக்கிறதா? பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் போன், பிரின்ட் வேலைகள் செய்யும் கொமியுனிகேஷன் கடையில், பாரமே இல்லாதது, இலவசம் என்று ஒன்றைத் தந்தார்கள். பழையதைக் கழற்றாமலேயே அதையும் போட்டேன். ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும் என்று நினைத்தேன். எங்கே! காவலுக்குக் கட்டிய இரண்டு நாயும் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு நின்றன. மவுஸ் கூட அசையவில்லை. எனக்கு வந்த கோபத்தில் இரண்டையும் நிறுத்தி வைத்தேன். அட, கம்பியூட்டர் பறந்தது! மூன்று வாரம் ராஜா மாதிரி வேலை செய்தேன்.

அந்த மூன்று வாரத்தில்தான் தொண்டர் ஆசிரியர் பட்டியல் வந்தது. நியமனம் இல்லாமல், பெற்றோர் கையில் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருடக்கணக்காகத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிறவர்கள் இவர்கள். அவர்களை நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டு நிரந்தரமாக்கப் போகிறார்கள், பெயர்களை அனுப்புங்கள் என்று கண்டியில் இருந்து உத்தரவு. எங்கள் பக்கத்தில் இருபத்து மூன்று பேர்.

அதில் எல்கடுவ தோட்டத்து டீச்சர் ஒருவர். ஒன்பது வருடம் படிப்பித்தவர். வருகிற பிறந்த நாளோடு வயது எல்லை தாண்டிவிடும். இதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர் என்று அவருக்கு ஒரு சிக்கல். அதற்காக மழையில் மூன்று தடவை வந்து போனார். மூன்றாவது தடவை எல்லாம் சரியாகி, திருத்திய பெயரை அவர் கண் முன்னாலேயே பட்டியலில் பதினேழாவதாக அடித்தேன். அவருடைய படிவத்தை மட்டும் மற்றவற்றோடு சேர்க்காமல், திருத்தங்கள் என்று எழுதிய கோவைக்குள் போட்டு மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

பட்டியலைக் கம்பியூட்டரில் வைக்க எனக்குப் பயம். அது எந்த நேரமும் மண்டையைப் போடலாம். அதனால் பென் டிரைவில் மட்டும் வைத்திருந்தேன். என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்!

வெள்ளிக்கிழமை மதியம் வான் கண்டிக்குப் போகிறது. வியாழன் அன்று பிரின்ட் எடுக்கப் போனால் கந்தோர் பிரின்டரில் மை இல்லை. கொமியுனிகேஷன் கடைக்கு ஓடினேன். அவர்கள் பென் டிரைவைச் சொருகியதுதான் தாமதம், கரண்ட் போய்விட்டது. காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வெள்ளி காலையில் பென் டிரைவைப் போட்டேன். நான் பெயர் வைத்த ஃபோல்டர் அப்படியே தெரிந்தது. தட்டினேன், திறக்கவில்லை. திரும்பத் தட்டினேன். கம்பியூட்டர் முக்கத் தொடங்கியது. பதறிப்போய், நிறுத்தி வைத்திருந்த பெரிய அன்டிவைரஸைத் தட்டி எழுப்பினேன். அது சிவப்பு சிவப்பாக எழுத்தைக் காட்டி, பிடித்தேன், அழித்தேன் என்றது. அழித்து முடித்தபோது என் ஃபோல்டரும் இல்லை. பென் டிரைவ் துடைத்து வைத்த சட்டி போல இருந்தது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு, அதைத் திரும்பவும் நிறுத்தி வைத்தேன்.

வான் வர மூன்று மணித்தியாலம்கூட இல்லை. படிவக் கட்டை எடுத்து வைத்துத் திரும்ப அடித்தேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்களே, அந்தப் பாடுதான். வான் ஹோர்ன் அடிக்கும்போதுதான் கடைசிப் பக்கம் முடிந்தது. மையும் அதற்குள் வந்திருந்தது. அனுப்பிவிட்டு, பெரிய சாதனை செய்தவன் போலக் கன்டீனில் மீன் அடைத்த இரண்டு மாலு பனிஸ் வாங்கிச் சாப்பிட்டேன். லாச்சிக்குள் கிடந்த படிவம் ஞாபகத்துக்கே வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்த டீச்சர் வந்து மேசை முன்னால் நின்றார். குடையில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"சேர், பக்கத்துத் தோட்டத்து டீச்சருக்கெல்லாம் லெட்டர் வந்திருச்சுங்க. எனக்கு மட்டும் வரல."

"இங்க இருந்து எல்லாம் சரியாத்தான் போச்சு டீச்சர். கண்டியில தான் விட்டிருப்பாங்க" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தால் வாய் அப்படிப் பழகிவிடும்.

"நீங்க ஒழுங்காத்தான் அனுப்பியிருப்பீங்க சேர். எத்தன தடவ எனக்காகப் பாத்தீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு, அனுப்பிய பட்டியலின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு பேர். பதினேழில் வேறு யாரோ. லாச்சியைத் திறந்தேன். அந்தப் படிவம் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. இப்போது ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுதினால், வேண்டிய ஆளைப் பின்கதவால் நுழைக்கிறான் என்பார்கள். அவர் பெயர் முதலிலேயே இருந்தது என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அவருக்கும் பிரயோசனம் இல்லாமல் நான் ஏன் விசாரணையில் மாட்ட வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தாம் நாள் கம்பியூட்டரைத் திருத்த நகரத்தில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா வந்தார். திறந்து பார்த்துவிட்டு, "என்னத்துக்கு சேர் ரெண்டு அன்டிவைரஸ்? ரெண்டையும் போட்டு ரெண்டையும் நிப்பாட்டியும் வெச்சீக்கீங்க!" என்று தலையில் கை வைத்தார். இதில் சொருகிய பென் டிரைவ் எல்லாவற்றையும் தாருங்கள், இல்லாவிட்டால் திரும்பவும் வரும் என்றார். செத்துப்போனது என்று ஒதுக்கி வைத்ததையும் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் செட்டிங்கில் எங்கேயோ இரண்டு சரி அடையாளத்தை மாற்றினார். வெறுமையாக இருந்த பென் டிரைவில் மங்கலாக ஒரு ஃபோல்டர் வந்து நின்றது. என் ஃபோல்டர்.

"இது எங்கயும் போகல்ல சேர், உள்ளுக்குத்தான் ஈக்குது. வைரஸ் இத மறச்சிட்டு, இதே பேர்ல பொய் ஃபோல்டர் ஒண்ட வெச்சீக்குது. அன்டிவைரஸ் அந்தப் பொய்யத்தான் அழிச்சீக்குது. அது செஞ்சது சரியான வேல."

திறந்தார். பதினேழாவதாக அந்தப் பெயர், கண்டிக்கு வான் போவதற்கு இரண்டு நாள் முந்திய திகதியோடு இருந்தது. ஆதாரம் இல்லை என்ற சாக்கும் போய்விட்டது.

பிரின்ட் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் எல்கடுவவுக்குப் போனேன். பஸ் நின்ற இடத்தில் இருந்து மழைச் சேற்றில் நடை. பாடசாலை என்பது நடுவில் தட்டி வைத்துப் பிரித்த ஒரே மண்டபம். டீச்சர் கையில் சோக்குத் தூளோடு வெளியே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கண்டியில் விட்டிருப்பார்கள் என்று நான் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

உள்ளே எட்டிப் பார்த்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். பிறகு, "நேத்தே சொல்லியிருந்தா நேத்து ராத்திரியாவது சாப்பிட்டிருப்பேனே சேர்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அடித்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பிரின்டைக் கொடுத்தேன். பதினேழில் விரலை வைத்து வாசித்தார். "அப்ப என் பேரு மொதல்லயே இருந்திச்சுங்களா? ஒம்பது வருஷமா ஒரு லிஸ்டுலயும் இருந்ததில்லங்க" என்று சொல்லி, அந்தத் தாளைத் தான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டு, பென் டிரைவோடு கண்டிக்குக் கொண்டுபோனேன். என்னிடம் விளக்கம் கேட்டார்கள், எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் சேவைக் கோவையில் ஏறியது. டீச்சரை, விடுபட்ட வேறு சிலரோடு சேர்த்து, பிறந்த நாளுக்கு முன்பே கூப்பிட்டார்கள். நியமனமும் கிடைத்தது, ஆனால் மற்ற இருபத்திரண்டு பேரையும் விட ஆறு மாதம் பிந்தி, ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் பக்கத்து மலையில். அந்த ஆறு மாத சேவைக் குறை அவருடைய ஓய்வூதியம் வரைக்கும் கூடவே போகும். அதை அழிக்க எந்த நானாவாலும் முடியாது.

கம்பியூட்டர் வாங்குகிறவர்கள் எந்த அன்டிவைரஸ் நல்லது என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். நானா செய்து காட்டியதைத்தான் சொல்கிறேன். பாரமில்லாத ஒன்று போதும், இரண்டு வேண்டாம். வாரம் ஒருமுறை அதைப் புதுப்பியுங்கள். முழுச் சோதனையைச் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். பென் டிரைவ் போட்டதும் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு அலுப்பு வந்தாலும் நிறுத்தி மட்டும் வைக்காதீர்கள். அந்தப் பழைய கம்பியூட்டரே அதற்குப் பிறகு நான்கு வருடம் நன்றாக ஓடியது.

ஆனால் ஓய்வு பெறும்வரை அந்தக் கதிரையில் இருந்து யாரிடமாவது "உங்க பேரு இல்லீங்க" என்று சொல்ல வாய் எடுத்த ஒவ்வொரு தடவையும், சோக்குத் தூள் படிந்த ஒரு விரல் பதினேழாவது வரியில் வந்து நின்றது, நானும் லாச்சியைத் திறந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.