எங்கள் காலனி பூஜ்ஜியம் வாங்கிய கதை

ஊட்டி மார்க்கெட்டுக்குக் கீழே, சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் எங்கள் காலனிக்கு ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் கணினிகள் வந்து இறங்கின. குழாயில் தண்ணீர் வரும் என்று காத்திருந்தோம், கணினி வந்தது. பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனி தன் பழைய கணினிகளைத் தூக்கிப்போட மனசு வராமல் ஒரு தொண்டு நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறது. அந்த நிறுவனம் தூக்கிப்போட இடம் தேடி எங்களைக் கண்டுபிடித்தது. சமுதாயக் கூடத்தை ஒட்டிய அறைக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் வாழைமரம் கட்டி, ரிப்பன் வெட்டினார்கள். வந்தவர் ஒருவர் "இனி உலகம் உங்கள் விரல் நுனியில்" என்றார். முன்வரிசைப் பெண்கள் தங்கள் விரல் நுனிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். காரட் கழுவி வெடித்த விரல்கள், லாட்ஜ் கழிவறைகளில் ஆசிட் ஊற்றி வெளுத்த விரல்கள். அப்புறம் கேசரி கொடுத்தார்கள். கேசரி நன்றாகவே இருந்தது.

அந்த மையத்துக்கு டீச்சர் நான். பி.சி.ஏ. படித்துவிட்டு அப்பாவின் மளிகைக் கடையில் பருப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவளுக்கு அடித்த அதிர்ஷ்டம். காலனி முழுக்கத் தேர்ச்சி பெற வைத்தால் கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்தில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு என்று சொல்லியிருந்தார்கள். கோயம்புத்தூர் என்றால் வெயில். துவைத்த துணி அன்றே காயும் ஊர். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்தக் காலனியை டிஜிட்டல் ஆக்கிவிடுவது என்று முடிவு கட்டினேன்.

பாடத்திட்டம் பெரிய படிப்பாளிகள் தயாரித்தது. முதல் பாடம், பெயிண்டில் ஒரு வீடும் அதன் மேல் ஒரு சூரியனும் வரைவது. ஜூலை மாதத்து ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் நடத்தினேன். வகுப்புக்கு வந்த நாலைந்து பேரில் ஒரு பெரியம்மா இருந்தார். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். இங்கேயும் தோட்டத்தில் கொழுந்து பறித்து ரிட்டையர் ஆகி, மகன் வீட்டோடு காலனிக்கு வந்திருந்தார். திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னா புள்ள அது, மஞ்சளா உருண்டையா?"

"சூரியன் பெரியம்மா."

"ஆ. அப்பிடி ஒண்ணு இருந்துச்சுல்ல."

அடுத்த வாரம் நாலைந்து பேர் மூன்று பேரானார்கள். பாடத்திட்டத்தைக் குறை சொல்ல முடியாதே, அதனால் காலனியைக் குறை சொன்னேன். இவர்களுக்கெல்லாம் அக்கறையே கிடையாது என்று அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பருப்பு நிறுத்துக்கொண்டே "மழை விடட்டும்" என்றார். அவலாஞ்சியில் மழை கொட்டினால் டிவியில் சொல்வார்கள். எங்கள் காலனியில் கொட்டினால் கூரைத் தகரம்தான் சொல்லும், யாரும் கேட்கமாட்டார்கள்.

கணினிகளைப் பார்க்க வந்த மெக்கானிக்தான் எல்லாவற்றையும் மாற்றினார். "மேடம், ஈரம் உள்ள போச்சுன்னா போர்டு காலி. காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் எல்லாத்தையும் ஓட விடுங்க. ராத்திரிக்கு ரெண்டு குண்டு பல்பு எரியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊட்டியில் வசதியானவர்கள் பட்டுப்புடவையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பீரோவுக்குள் பல்பு எரிய விடுவார்கள். எங்கள் காலனியில் மனிதர்களுக்கே அந்த மரியாதை கிடையாது. இப்போது கணினிக்குக் கிடைத்தது. அத்தனை பழைய பெட்டிகளும் நாள் முழுக்க அடுப்பாகச் சூட்டைக் கக்கின. ஒரே வாரத்தில் காலனியிலேயே ஈரமில்லாத ஒரே அறை எங்கள் கணினி அறை என்றானது.

ஒருநாள் சாயந்தரம் கடைசிக் கணினியின் பின்பக்கம், காற்று வரும் துளையின் மேல் ஒரு ஜோடி ஸ்கூல் சாக்ஸ் தொங்குவதைப் பார்த்தேன். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "இது கம்ப்யூட்டர் சென்டரா, டோபி கடையா?" என்று கத்தினேன். சாக்ஸுக்குச் சொந்தக்காரி எழுந்து நின்றாள். காட்டேஜ் ஒன்றில் அறை கூட்டும் சின்ன வயதுப் பெண். மூத்தது பள்ளிக்கூடம் போகிறது. இளையது, மூன்று வயதுப் பெண் குழந்தை, இடுப்பில்.

"ஏனுங்க டீச்சர், ஊட்டுல எதுவுமே காயறதில்லீங்க. செவுரே நனைஞ்சு கெடக்குதுங்க. ஈர சாக்ஸோட போனா அங்க வெளிய நிக்க வெச்சுடறாங்க."

நான் பதில் சொல்வதற்குள் குழந்தையின் நெஞ்சிலிருந்து விசில் சத்தம் கேட்டது. வீசிங். பெரியாஸ்பத்திரியில் காட்டியிருக்கிறாள். மருந்து கொடுத்துவிட்டு, ஈரமில்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வீடு மாறுங்கள் என்றாராம் டாக்டர். ஆடி மாதத்து ஊட்டியில் ஈரமில்லாத வீடு வேண்டுமென்றால் பங்களா வாங்க வேண்டும், இல்லையென்றால் மேட்டுப்பாளையத்துக்கு இறங்க வேண்டும். டாக்டர் இரண்டில் எதைச் சொன்னார் என்று இவள் கேட்டுக்கொள்ளவில்லை. கத்திய வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. "சரி, குழந்தையை அந்த மூலையில் படுக்க வை" என்றேன். ஒரு சாக்கை விரித்து, கணினிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடத்தினாள். அரை மணி நேரத்தில் விசில் சத்தம் தணிந்து குழந்தை வாய் மூடித் தூங்கியது.

நல்ல காரியமாயிற்றே என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். மழை முடியும்வரை காலனிக் குழந்தைகளைப் பகலில் அந்த அறையில் இருக்க விடலாமா என்று கேட்டேன். பதில் உடனே வந்தது. குழந்தைகள் நலம் நம் திட்டத்தின் எல்லைக்குள் வராது, கணினிகளின் பாதுகாப்பு கருதி குழந்தைகளைத் தவிர்க்கவும். பெட்டிக்கு ஈரம் ஆகாது என்று தெரிந்தவர்களுக்குக் குழந்தைக்கும் ஆகாது என்று தெரியவில்லை. அந்தப் பதிலை நான் யாரிடமும் காட்டவில்லை. என் பங்குக்கு ஒரு சட்டம் போட்டேன். துணி காயப் போடலாம், குழந்தையைப் படுக்க வைக்கலாம், ஆனால் துணி காயும் வரை கணினி முன் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வருகைக்குக் குறைவில்லை. ஜீன்ஸ் பேன்ட் கொண்டுவந்தவர்கள் கூடுதல் நேரம் படித்தார்கள், கம்பளி கொண்டுவந்தவர்கள் எக்செல் வரைக்கும் போனார்கள். சூரியனை ஓரங்கட்டிவிட்டு அவர்களுக்கு வேண்டியதை நடத்தினேன். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, கரண்ட் பில் கட்டுவது, பேங்க் பெயரில் வரும் திருட்டு போனை அடையாளம் காண்பது. பெரியம்மா ஒருமுறை அப்படி ஓ.டி.பி. கேட்டவனை, பேரப்பிள்ளைக்குப் பொண்ணு பார்க்கிறோம், உனக்கு என்ன சம்பளம், அப்பா என்ன வேலை என்று விசாரித்து, அவனே போனை வைக்கும்படி செய்தார். சாக்ஸ்காரப் பெண் இன்னும் ஒருபடி மேலே. மலையேற வேண்டிய இ-பாஸ் எடுக்காமல் பர்லியார் செக்போஸ்டில் மாட்டிக்கொண்டு, பெரிய காரில் உட்கார்ந்தபடி காட்டேஜுக்குப் போன் செய்து அலறும் விருந்தாளிகளுக்கு இவள்தான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாஸ் எடுத்து அனுப்புவாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மனசுக்குள் கோயம்புத்தூருக்குப் பெட்டி கட்டத் தொடங்கினேன்.

அப்போதுதான் தேர்வு அறிவிப்பு வந்தது. வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பெரும்பாலோர் தேர்ச்சி பெற்றால் எங்கள் காலனி 'முழு டிஜிட்டல் அறிவு பெற்ற பகுதி' என்று அறிவிக்கப்படும். வாசலில் பெயர்ப்பலகை வைப்பார்கள். கைதட்டுவார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். பெரியம்மா மட்டும் பேசினார்.

"பெறகு இந்தப் பொட்டிங்க?"

"அதெல்லாம் அடுத்த இடத்துக்குப் போகும் பெரியம்மா. குன்னூரில் ஒரு காலனி."

"இந்தக் காம்பரா?"

அவருக்கு அறை என்றால் காம்பரா, இலங்கைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துப் பழக்கம். பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றேன். ஆளாளுக்குக் காயாத துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினார்கள். குழந்தை மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. பரீட்சை பயம் என்று நினைத்து, "உங்களால் முடியும்" என்று வேறு தைரியம் சொன்னேன். டீச்சர்களுக்கு எதுவும் சட்டென்று உறைக்காது.

தேர்வு நடத்த வெளியிலிருந்து ஒருவர் வந்தார். என்னை உள்ளே விடவில்லை. சமுதாயக் கூடத்துக் கூரைக்கடியில் சாரலில் நின்றேன். எல்லாரும் சீக்கிரமே எழுந்து வந்தார்கள். சாக்ஸ்காரப் பெண் என்னைப் பார்க்காமல் போனாள். பெரியம்மா நின்று என் கையைத் தட்டிக்கொடுத்து, "நல்லா எழுதியிருக்கோம் புள்ள" என்றார்.

என்னை உள்ளே அழைத்தபோது மதிப்பெண் திரையில் வந்திருந்தது. பூஜ்ஜியம். அடுத்தவருக்கும் பூஜ்ஜியம். அதற்கடுத்தவருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடைகள், சரியானதைக் க்ளிக் செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கோழி மாதிரிக் கொத்தினாலும் ஒன்றிரண்டு சரியாக விழுந்தே தீரும். எங்கள் காலனியில் ஒருவருக்குக்கூட ஒன்றுகூட விழவில்லை. ஓ.டி.பி.யை யாரிடம் சொல்லலாம் என்ற கேள்விக்கு, போனில் கேட்பவரிடம் என்று பெரியம்மா க்ளிக் செய்திருந்தார். அத்தனையும் தப்பாகப் போட வேண்டுமென்றால் அத்தனைக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயந்தரம் துணியோடு வந்தவர்களை ஒருவழி பண்ணிவிட்டேன். என் உழைப்பு, என் பேர், என் கோயம்புத்தூர், எல்லாவற்றையும் இழுத்துக் கொட்டினேன். அழுதேன்கூட. சாக்ஸ்காரப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"பாஸ் பண்ணிட்டா மெசினெல்லாம் குன்னூருக்குப் போயிருமுங்களே டீச்சர். அப்புறம் இவ எங்க போயி மூச்சு விடுவாளுங்க?"

"அதுக்கு என் பேரைக் கெடுப்பீங்களா?"

"கெடும்னு தெரிஞ்சுதானுங்க பண்ணுனோம். நீங்க கோவிச்சுக்குவீங்க, ஆனாத் தாங்கிக்குவீங்க. இவ தாங்க மாட்டாளுங்க."

பெரியம்மா காய்ந்த கம்பளியை மடித்தபடி சொன்னார். "நாங்க லயத்துல இருக்கக்குள்ளயே படிச்சது புள்ள இது. ஒரு நாளைக்குக் கொழுந்து கூடுதலா எடுத்துக் காட்டுனா, மறுநாள்ல இருந்து அதையே தெனக் கணக்காக்கிருவானுங்க. முடியும்னு காட்டவே கூடாது."

மறுநாள் தலைமை அலுவலக அதிகாரி வீடியோவில் வந்தார். பெரிய படிப்பு படித்தவர். "ஒருத்தருக்குக்கூட ஒரு மார்க்கூட இல்லை, அது எப்படி மேடம் சாத்தியம்?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. இன்னும் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அவருக்கே விளங்கியிருக்கும். நல்லவேளை, பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. உண்மையைச் சொன்னால் காலனிக்குத் தேர்ச்சி, எனக்கு நாற்காலி. பின்னால் மூலையிலிருந்து குழந்தை மூச்சு விடும் சத்தம் கேட்டது. விசில் இல்லாத வெறும் மூச்சு. அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

"நான் கற்றுக்கொடுத்தது சரியில்லை சார்" என்றேன்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் அவர், நிம்மதியாக.

முடிவு எழுத்தில் வந்தது. எங்கள் காலனி மிகமிகப் பின்தங்கியிருப்பதால் மையம் அடுத்த மழைக்காலம் தாண்டியும் நீட்டிக்கப்படுகிறது. ஆசிரியர் திறன் குறைவாக இருப்பதால் அவருக்குக் கோயம்புத்தூரில் அடிப்படைக் கணினிப் பயிற்சி. ஆக, கோயம்புத்தூரில் எனக்கு நாற்காலி கிடைத்தேவிட்டது, மாணவர் வரிசையில். மவுஸை எப்படிப் பிடிப்பது என்று ஒரு தம்பி என் கைமேல் கை வைத்துக் காட்டினான். பெயிண்டில் வீடும் சூரியனும் வரைந்தேன். ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே வெயில் அடித்தது. என் துப்பட்டா ஒரே மதியத்தில் காய்ந்தது.

திரும்பி வந்தபோது ஊட்டியில் மழை அப்படியேதான் இருந்தது. அறைக்குள் கணினிக்கு ஒன்றாக யூனிஃபார்ம் தொங்கியது. குழந்தை மூலையில் சாக்கின்மேல் புரண்டு படுத்தது. சாக்ஸ்காரப் பெண் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "அடுத்த பரீட்சைல ரெண்டு மூணு சரியாப் போட்டுடறமுங்க டீச்சர், சந்தேகம் வராது பாருங்க" என்று ஆறுதல் சொன்னாள். பெரியம்மா என் பையைக் குடைந்து, கோயம்புத்தூரில் கொடுத்த சான்றிதழை எடுத்துவிட்டார். பிரேம் போட்டு மாட்டியே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

இப்போது அது குழந்தை படுக்கும் மூலைக்கு நேர் மேலே தொங்குகிறது. பார்வையிட வருகிறவர்கள் நின்று வாசித்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் மையத்திலிருந்து இதுவரை தேர்ச்சி பெற்ற ஒரே ஆள் நான்தான்.